ஜன்னல் இல்லாத அறைக்கு அடுத்து வருபவருக்கு

மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.
வான்கூவர் துறையில் வாங்கிக்கொள்ளும் பெட்டி
இரவு ஒன்பதுக்குத்தான் கதவடிக்கு வரும்.
அதுவரை என் ரத்த அழுத்தத்தை
ஹெட்டியின் கைப்பைதான் காப்பாற்றியது.
இருவருக்கும் ஒரே மாத்திரை. வியப்பில்லை,
இருவருக்கும் ஒரே கணவன் இருந்தான்.
எனக்குப் பதினோரு ஆண்டு, அவளுக்கு ஆறு.

தனியாகப் போனால் இரட்டைக் கட்டணம் என்றது கம்பெனி.
அதனால்தான் அவளுக்குப் போன் செய்தேன்.
சஸ்காச்சுவானில், எங்கள் கோதுமை ஊரில்,
கடல் பார்க்காத, காசு மிச்சம் பிடிக்கத் தெரிந்த,
யாருடனும் ஒரே அறையில் இருந்து பழகிய பெண்
வேறு எவளும் மீதமில்லை.

சுவரெல்லாம் இரும்பு.
ஈரக் கோட்டு மாட்டக் காந்தக் கொக்கிதான் வழி.
கெச்சிகனில் மழை நிற்கட்டும் என்று காத்திருப்பவர்
கெச்சிகனைப் பார்க்காமலே திரும்புவார்.
போனை அணைத்துப் போடுங்கள்,
நடுக்கடலில் அது தானாக எதையோ தேடி
பில்லில் அறுபது டாலர் ஏற்றிவிடும்.
வயிறு புரண்டால் பச்சை ஆப்பிள், உப்பு பிஸ்கட்,
பிறகு தொடுவானத்தையே பார்த்திருங்கள்.
நம் அறையில் தொடுவானம் கிடையாது.
அதனால்தான் மலிவு.

முதல் இரண்டு இரவும்
உருளைக்கிழங்குக் கிடங்கின் இருட்டு.
இரண்டடி தள்ளி அவள் மூச்சு.
லைலின் குறட்டையை இருவருமே நினைத்திருப்போம்.
ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நியோமன் சொன்னான்
(அறை பார்ப்பவன், துவாலையில் யானை மடிப்பவன்):
டிவியில் நாற்பத்தொன்றாம் சேனல்.
கப்பல் மூக்கில் ஒரு கேமரா இருக்கிறது.
ஒலியைக் குறைத்து ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள்,
அதுதான் உங்கள் ஜன்னல்.

ஓடவிட்டோம்.
நான்கு மணிக்கே விடியல்
கால்மாட்டில் வந்து நின்றது.
"ஒரீசியா, தூங்கிட்டியா?"
இல்லை.
"உன்கிட்டயும் படகு வாங்கப் போறேன்னு சொன்னானா?"
சொன்னான். பெயர்கூட வைத்திருந்தான்.
"என்ன பேரு?"
சொன்னேன்.
அவள் சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.
அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

கரையில் உள்ள கடிகாரத்தை நம்பாதீர்கள்,
கப்பலின் நேரம் வேறாக இருக்கும்.
ஸ்காக்வேயில் ஒரு ஜோடி பாலத்தை நோக்கி ஓடி வந்தது.
மேல்தளத்தில் ஐந்நூறு பேர் கைதட்டினோம்.
பாலம் விலகிவிட்டது.
அந்தப் பெண்ணின் கையில் ஐஸ்கிரீம் இன்னும் இருந்தது.
நானும் கைதட்டினேன்.
சொல்லிக்கொள்ளப் பெருமை இல்லை.

பனியாறு வரும் காலை
எல்லோரும் இடப்பக்கம் ஓடுவார்கள். முழங்கை படும்.
நீங்கள் ஓடாதீர்கள்.
கேப்டன் கப்பலை நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்புவார்.
வலப்பக்கம் ஒரு போர்வையோடு உட்கார்ந்திருந்தால்
பனியாறு தானே உங்களிடம் வரும்.
முதலில் உடைவது தெரியும்,
சத்தம் பிறகு.

நாங்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை.
கையுறை எடுக்க ஹெட்டி கீழே வந்தாள், நானும் வந்தேன்.
நியோமன் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தான்.
பதினெட்டு முறை இந்த வழி வந்தவன்,
இரண்டு முறைதான் பார்த்திருக்கிறானாம்.
"மேலே போ, படுக்கையை நாங்க விரிச்சுக்கறோம்."
விதி இல்லை என்றான்.
ஹெட்டி நாற்பத்தொன்றைப் போட்டாள்.
மூவரும் நின்றபடி பார்த்தோம்.
இரும்புச் சுவர் முதலில் அதிர்ந்தது.
கொஞ்சம் கழித்து, உள்ளங்கையளவு,
சத்தமே இல்லாமல்,
நீலம் ஒன்று திரைக்குள் விழுந்தது.
அவன் உறையை மார்போடு பிடித்திருந்தான்.

அன்பளிப்பைக் கையில் கொடுங்கள், பில்லில் சேர்க்காதீர்கள்.

கொக்கிகள் மூன்றைச் சுவரிலேயே விட்டிருக்கிறேன்.
நான்காவதை ஹெட்டி எடுத்துக்கொண்டாள்.
அவள் வீட்டில் இரும்புச் சுவர் எதுவும் இல்லை.
நான் கேட்கவில்லை.