போகாத மண்

நாகலூர் பாதையில், மிளகுக்கொடி ஏறிய
சில்வர் ஓக் நாற்பத்தாறை வெட்டிவிட்டு
சரிவை மூன்று படியாக அறுத்தோம்.
பன்னிரண்டு வில்லா.
ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும் என்று
விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.
மதிப்பீட்டில் பதினேழாவது வரி:
மண் தடுப்பு, வண்டல் குழி.
சென்னைக்குப் போய்த் திரும்பிய தாளில்
அந்த வரி மேல் மட்டும் சிவப்புக் கோடு.
ஓரத்தில், சாய்ந்த எழுத்தில்:
'மலை பாறைதானே?'

பாறை இல்லை.
துருப்பிடித்த இரும்பின் நிறம்,
ஈரம் பட்டால் வெண்ணெய்.
இருசப்பன் ஜேசிபி வாளியை ஒருமுறை வழித்தால்
வேர்கள் பிடித்துவைத்திருந்ததெல்லாம்
டிப்பரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஐப்பசியின் முதல் மழைக்கு மறுநாள்
கீழ்க்குடியிருப்பிலிருந்து வெள்ளச்சி வந்தார்.
கூச்சலில்லை. வரைபடத்தின் மேல்
ஒரு லிட்டர் பாட்டிலை வைத்தார்.
"எங்க ஊத்துத் தண்ணி."
பால் தூக்கலாக விட்ட டீ மாதிரி இருந்தது.
வந்த வழியே இறங்கிப் போனார்.

சாயங்காலத்துக்குள் மேலே தெளிந்து
அடியில் மூன்று விரல் சேறு.
முனிசிபல் குழாயில் வளர்ந்தவள் நான்.
என் கையெழுத்து
அப்படிப் படிந்து பார்த்ததில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கறுப்புத் துணி வாங்கினேன்.
எண்பது மீட்டர், என் காசு.
வெட்டிய ஓக்கின் கிளைகளே முளைக்குச்சி.
சரிவின் அடியில் இறுக்கிக் கட்டி, விறைப்பாக நிறுத்தி,
போட்டோவும் எடுத்தேன்.

அடுத்த மழையில்
துணி அப்படியே நின்றது.
தண்ணீர் மட்டும், கதவிடுக்கில் பூனை நுழைவதுபோல்,
அதன் காலடியில் புகுந்து
மண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
துணியின் மேல்பாதி நனையக்கூட இல்லை.

எங்கே தப்பு என்று நான் குனிந்து பார்ப்பதற்குள்
ராஞ்சிப் பையன் புத்வா மண்வெட்டியோடு இறங்கி
சாண் ஆழத்துக்குக் கால்வாய் கீறத் தொடங்கியிருந்தான்.
துணியின் காலைப் புதைத்தோம், மிதித்தோம்.
அறுத்த சரிவெங்கும் வைக்கோல்.
மேட்டுத் தண்ணீரைக் குறுக்கே திருப்ப
மணல் மூட்டை ஒரு வரிசை.
தாழ்ந்த மூலையில் இருசப்பன்
ஒரு குழி எடுத்துக் கொடுத்தான்.
அந்த டீசலை நான்
'பாதை சீரமைப்பு' என்று எழுதிக்கொண்டேன்.

இரவு பதினொன்றுக்கு அரூர்ப் பக்கம் கறுத்தது.

டார்ச்சோடு நின்றோம்.
ஓடி வந்த சிவப்புத் தண்ணீர்
குழியில் விழுந்து, சுழன்று,
வேகம் மறந்து கொஞ்சம் உப்பி
கல்வாயைத் தாண்டிப் போனது.
வெறுங்கையோடு போனது என்று சொல்ல ஆசை.
சொல்ல மாட்டேன்.

காலையில் குழியை வாரினோம்.
நூற்றுப் பன்னிரண்டு சட்டி.
அத்தனையும் தலையில் திரும்ப மேலேறியது.
அளவுப் புத்தகத்தைத் திறந்தேன்.
வெட்டிய மண்ணுக்குப் பத்தி உண்டு,
கொட்டிய மண்ணுக்கு, அள்ளிப் போன மண்ணுக்கு.
போகாத மண்ணை எங்கே எழுதுவது?
மேனேஜர் போனில் கேட்டார்:
"மேடம், போட்டோல அந்த மூட்டைங்க அசிங்கமா இருக்கே, எடுத்துடலாமா?"

பத்து மணிக்கு வெள்ளச்சி.
இன்னொரு பாட்டில். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
படிந்தபின் அரை விரல்.
"இன்னும் இருக்கு" என்றார்.
இருக்கிறது என்றேன்.

பழைய பாட்டிலைத் திருப்பிக் கேட்டார்;
பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதாம்.
ஆபீஸ் படியில் அதைக் கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டி,
மூன்று விரலையும் வழித்துவிட்டார்.
"உங்களுது. வெச்சுக்கங்க."

ஏழாவது வில்லாவுக்கு இன்னும் கோடு போடவில்லை.
கார்த்திகை முழுசாக இருக்கிறது.