உச்சரிப்புக்கான கட்டம்

நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
நாளைக் காலை ஒன்பதரைக்கு,
ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி.
செங்காங் வீட்டில், சோறு ஆறிக்கொண்டிருக்க,
சாப்பாட்டு மேசையில் பட்டியலை விரித்து
வாய்க்குள் நடந்து பார்க்கிறேன்.

பதினான்கு வருடமாய்
தொழிற்கல்லூரிப் பட்டமளிப்பு மேடையில்
பெயர் வாசிப்பவள் நான்.
தனிச் சம்பளம் இல்லை. பீஹூன் பொட்டலம் ஒன்று.

முதல் வருடங்களில் வெய் லிங், ஹுவெய் மின், லிங் வெய்,
அதே நாலைந்து அசைகள் இடம் மாறி உட்காரும்.
இந்த வருடம் ஜேடன் ஐந்து,
கேடன் இரண்டு, பிரேடன் ஒன்று.
ஒரே அச்சில் பிடித்த கொழுக்கட்டைகள் என்று சிரித்தேன்.
பிறகு என் வகுப்பு ஞாபகம் வந்தது.
நாலு சாந்தி:
கறுப்புச் சாந்தி, கண்ணாடிச் சாந்தி,
புளோக் பத்துச் சாந்தி,
சும்மா சாந்தி.

ங் என்று ஒரு குடும்பப் பெயர்.
ஆங்கிலத்தில் எழுதினால் அதில் உயிரெழுத்தே இல்லை.
லண்டனிலிருந்து வந்த விரிவுரையாளர்
தொண்டையில் முள் சிக்கியதுபோல் நின்றுவிட்டார்.
எனக்குச் சுலபம்.
பாலர் வகுப்புச் சுவரில்
க-வுக்குக் கப்பல், ச-வுக்குச் சக்கரம்,
ங-வுக்கு மட்டும் படம் இல்லை.
அந்தக் காலி இடத்தில்
ஒரு குடும்பமே குடியிருக்கிறது,
வாடகை பாக்கியில்லாமல்.

நூர் பதினேழு பேர்.
நூர் என்றால் ஒளி என்றாள் ரொஹானி.
ஆனால் நூர் என்று மட்டும் கூப்பிட முடியாது,
அத்தனை வெளிச்சத்தில் யார் திரும்புவார்கள்?

நம்மவர் பக்கம் வந்தால்
பிள்ளைக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு சாய்கோடு,
சுவரில் சாத்திய ஏணி மாதிரி.
மேல்படியில் ரேஷ்வின், தர்வேஷ், யஷ்விகா,
எண் பார்த்து எழுத்துக் கூட்டியவை.
கீழ்ப்படியில் முத்துக்கருப்பன், சின்னையா, லெட்சுமணன்.
லெட்சுமணனுக்கு நடுவே ஒரு டி, ஒரு சி, ஒரு எச்.
எந்தக் காலத்துக் குமாஸ்தாவோ
தும்மியதையும் சேர்த்து எழுதிவிட்டான்,
குடும்பம் இன்னும் துடைக்கவில்லை.

முந்நூற்று எண்பத்தாறு: எழில்நிலா.
உச்சரிப்பை விளக்கச் சொன்ன கட்டத்தில்
மற்றவர்கள் ஏதேதோ கேட்டிருந்தார்கள்.
'கடைசி அசையை இழுக்க வேண்டாம்.'
'இரண்டாவது பெயர்தான் என் பெயர்.'
இவள் எழுதியிருந்தாள்:
'எப்படி வேண்டுமானாலும். பரவாயில்லை.'

அந்தப் பரவாயில்லையில் என் தூக்கம் போனது.
நாக்கை மடித்து, பின்னுக்கு இழுத்து,
குளியலறைக் கண்ணாடி முன் நின்று
ழ, ழ, எழில், எழில்.
பல் துலக்க வந்த கணவர்
'யாரைத் திட்டுறே?' என்றார்.

மறுநாள் மேடையில்
மயிரிழை பிசகாமல் விழுந்தது அந்த ழ.
யாரும் வரவில்லை.
ஒரு விநாடி. இரண்டு.
குலுக்க நீட்டிய முதல்வரின் கை காற்றில்.
பின்னால் நின்ற கோ ஜுன் ஹாவ்
அவள் தோளைத் தட்டினான்:
'எல்லி, நீதான் லா.'

நடந்தாள். சுருளை வாங்கினாள்.
என் பக்கம் ஒரு பார்வை,
அதில் நன்றி இல்லை, கோபமும் இல்லை.
லிஃப்ட் கதவு திறந்ததும்
இது நம் மாடிதானா என்று
எண்ணைப் பார்ப்போமே, அப்படி.

அடுத்த பெயர் ஜேடன்.
அவன் நான் முடிப்பதற்குள் வந்துவிட்டான்.

மண்டபம் காலியானபின்
சியா குரல் கொடுத்தார்:
'மேகி, மைக்கை அணைச்சாச்சா?'
அணைச்சாச்சு.
அடையாள அட்டையில் நான் மங்களேஸ்வரி,
அங்கேயும் ஓர் எழுத்து குறைவு.
பொட்டலத்தின் மேல் யாரோ பேனாவில்
'மெகி, சைவம்' என்று கிறுக்கியிருந்தார்கள்.
பசித்தது.
பிரித்தேன்.