நாற்பத்தேழாம் நிமிடம்

செவ்வாய்க்கிழமை மதியங்களில் மட்டும்
நகராட்சிக் கட்டடத்தின் பின்னறையில்
நுகர்வோர் புகார்களுக்குக் காது கொடுப்பவள் நான்.
சம்பளம் கிடையாது. காபி உண்டு.
பிரெஸ்ட் நகரத்து மழை
ஈரக்குடைகளோடு ஆட்களை அனுப்பிவைக்கும்.
மூன்றாம் மாதமே நின்றுபோன வாஷிங் மெஷின்,
அடிப்பாகம் வாய்பிளந்த ஷூ,
வராத கட்டிலுக்கு வந்துவிட்ட பில்.

எர்வான் லெகோஃப் கொண்டுவந்தது
ரொட்டிக் காகிதத்தில் சுற்றிய ஒரு டிவிடி.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு முப்பது வருடம்
எண்ணெய் போட்ட விரல்கள்
அதன் விளிம்பை மட்டும் தொட்டிருந்தன.
"ஓரம் பழுப்பேறுது பாருங்க. உள்ளே துரு.
பத்தொன்பது யூரோ கொடுத்தேன். ரசீது இருக்கு."
ரசீது இருந்தது.
எழுத்துகள்தான் போய்விட்டிருந்தன.

நகலெடுக்கப் போனால் கம்ப்யூட்டர் மறுக்கிறதாம்.
கம்பெனிக்கு எழுதினாராம்.
அந்தக் கம்பெனியை இன்னொன்று விழுங்கிவிட்டது,
விழுங்கியதற்கு அந்தப் படத்தின் பெயரே தெரியவில்லை.

நான் சட்டத்தைச் சொன்னேன்:
பிளாஸ்டிக் உங்களுடையது.
உடைக்கலாம், விற்கலாம்,
பறவை விரட்டத் தோட்டத்தில் தொங்கவிடலாம்.
உள்ளே இருப்பதில் உங்களுக்கு
வெறும் அனுபவ பாத்தியதை.
சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கலாம்.
பூட்டை உடைக்கக் கூடாது.
பூட்டை உடைக்காமல் நகல் எடுக்க முடியாது.

சொல்லச் சொல்ல
என் வாய் எனக்கே வாடகை வீடாக இருந்தது.

பையிலிருந்து இன்னொரு ரசீதை எடுத்தார்.
வெற்று வட்டுகள், பத்து.
"இந்த விலையிலேயே
நகலெடுக்கிறதுக்கான தீர்வையும் சேர்த்து வாங்கிட்டாங்களே.
பாலத்துக்குச் சுங்கம் வாங்கிட்டு
பாலத்தையே தூக்கிட்டா எப்படி?"

அது உரிமை இல்லை, விதிவிலக்கு என்றேன்.
"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"
விதிவிலக்கை வைத்து வழக்குப் போட முடியாது.
சிரித்தார்.
மேஜைமேல் காபி நடுங்கியது.

நல்ல படமா என்று கேட்டேன்,
எதையாவது கேட்கவேண்டுமே என்று.

"மகா மட்டம்.
கொலைகாரன் யாருன்னு பத்தாம் நிமிஷமே தெரிஞ்சுடும்.
நாற்பத்தேழாம் நிமிஷம்
சியாம் தெருவிலே ஒரு மஞ்சள் மழைக்கோட்டு
குறுக்கே போகும். பையிலிருந்து வெங்காயத்தாள் நீட்டிக்கிட்டு.
ஒன்பது விநாடி.
ரோசென்.
படம் பிடிக்கிறாங்கன்னு தெரியாமல் நடந்தாள்.
தெரிஞ்சதும் நின்று திட்டினாள், அதை வெட்டிட்டாங்க."

மழை கொஞ்சம் விட்டது, மறுபடி பிடித்தது.

"அவளை அவங்க நகலெடுத்தபோது
யாரைக் கேட்டாங்க?"

அந்தக் கேள்விக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
'பிற' என்ற இடத்தில் எழுதினேன்.
இடம் போதாமல் ஓரத்தில் ஏறி வளைந்தது எழுத்து.
அவர் போனபின்
டோஸ்டர் புகாரோடு ஒருத்தி உட்கார்ந்தாள்.
கருகிய ரொட்டியை ஆதாரமாகக் கொண்டுவந்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி எர்வான்,
இம்முறை கையில் போன் மட்டும்.
டிவியில் படத்தை ஓடவிட்டு
எதிரே நின்று பிடித்திருக்கிறார்.
எந்தப் பூட்டையும் தொடவில்லை.
படம் சாய்ந்திருக்கிறது,
திரைச்சீலை ஒரு மூலையைத் தின்றிருக்கிறது,
கொலைகாரனின் வசனத்துக்குள்
பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது.

பிறகு மஞ்சள்.

டிவியின் கண்ணாடியில்
ஒரு விளக்கும், போனைத் தூக்கிப் பிடித்த
ஒரு மங்கலான கிழவரும்.
ரோசென் வேகமாக வந்து
அவர் இடது தோளுக்குள் நுழைந்து
மார்பு வழியே நடந்து
வலப்பக்கம் வெளியேறிப் போகிறாள்,
வெங்காயத்தாள் ஆட,
திரும்பிப் பார்க்காமல்.

"இது குற்றமா?" என்றார்.

கோப்பின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்:
தீர்ந்தது. தீரவில்லை.
ஒன்றில்தான் டிக் அடிக்கவேண்டும்.

பேனாவை மூடி வைத்துவிட்டு
மறுபடி போடச் சொன்னேன்.