கடைசி வாக்கு

ட்ரோம்சோவில் ஜனவரி.
பதினொரு மணிக்கு நீலம் கொஞ்சம் கசியும்,
ஒன்றரைக்குள் அதையும் சுருட்டிக்கொண்டு போய்விடும்.
ஆலோசனை அறை விளக்கை யாரும் அணைப்பதே இல்லை.

ஏழு பேர்.
ஒரு காபிக் குடுவை. எவரும் தொடாத லவங்கப்பட்டை ரொட்டி.
ஊரிலிருந்து வந்த ஐவர் முதலில்,
சக நீதிபதி பிறகு,
தலைமை ஏற்றவள் கடைசியில்.
என் கறுப்பு அங்கியின் நிழல்
ஒருவர் நாக்கின்மேலும் விழக் கூடாதென்று
யாரோ எப்போதோ வகுத்த வரிசை.

கேள்வி இதுதான்:
ஸ்வெர்ரே ஓட்னெஸ் படகுக்கொட்டகையைக் கொளுத்தியபோது
உள்ளே ஆள் உறங்குவது அவனுக்குத் தெரியுமா?

கொளுத்தியதை மறுக்கவில்லை.
காப்பீட்டுப் பணம், என்றான், தரையைப் பார்த்து.
செத்தவன் லித்துவேனியாக்காரன், ரிமாண்டஸ்,
மீன் வெட்டும் ஆலையில் இரவு முறை.
வாடகையை மிச்சம் பிடித்து வலைக்குவியலில் படுத்திருந்தான்.
பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்திருந்தான், வீடு என்பதுபோல.
சான்று எண் பதினான்கு: உருகிய ரப்பர்.

பேருந்து ஓட்டும் யெல்ஃப்ரிட்: தெரியும்.
பள்ளிச் சமையற்காரர்: தெரியும், பூட்ஸைத் தாண்டாமல் எப்படிப் போவான்?
பூக்கடைக்காரி: தெரியும்.
ஓய்வுபெற்ற மாலுமி: அந்த இருட்டில் என் கையே எனக்குத் தெரியாது.
பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பையன்
வெகுநேரம் பென்சிலைக் கடித்தான்.
தெரியாது, என்றான். இல்லை, எனக்குத் தெரியவில்லை.
இரண்டும் இங்கே ஒன்றுதான், என்றேன்.
சட்டம் அதுதான். ஆனாலும்
அந்த ஒரு வாக்கியத்தை நான் விழுங்கியிருக்கலாம்.
சக நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார்: தெரியும்.

நால்வர். இருவர்.
ஐந்து வேண்டும்.
என் கனம் யார்மேலும் இறங்கக் கூடாதென்ற வரிசை
மொத்தக் கனத்தையும் என் தலையில் வைத்துவிட்டு
காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முந்தின இரவு அந்த வாசலை வீட்டில் அளந்து பார்த்திருந்தேன்,
விளக்கை அணைத்துவிட்டு, என் மகனின் பூட்ஸை வைத்து.
இரண்டு முறை தடுக்கியது. மூன்றாவது முறை தடுக்கவில்லை.
அதை எந்தத் தீர்ப்பிலும் எழுத முடியாது.

தெரிந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை, என்றேன்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
தீர்ப்பில் 'நான்' கிடையாது; 'நீதிமன்றம்' என்றே வாசித்தேன்.
தீ வைத்தது, அலட்சியத்தால் நேர்ந்த சாவு,
ஆண்டுக் கணக்கு.
முதல் வரிசையில் ரிமாண்டஸின் அக்கா,
காதில் மொழிபெயர்ப்புக் கருவி.

என் சொல் அவளிடம் போய்ச்சேர நான்கு விநாடி.
வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தேன்.
அவள் இன்னும்
என்னை நம்பிக்கொண்டிருந்தாள்.