மறுமணம் ஆகும்வரை செல்லும்

கருவூல அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில்
கண்ணாடிக்கு அடியிலிருந்த இடுக்கு வழியே
தகடு வந்தது.
வெறும் தகரம். ஐந்து எழுத்து, ஒரு நட்சத்திரம்.
"மாநிலச் சிறையில் அடிக்கிறார்கள்" என்றாள் மார்வெல்லா,
வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

படிவத்தில் 'விதவை' என்றே அச்சாகியிருந்தது.
அந்தச் சொல்லுக்கு ஆண்பால் தேடி
பேனாவைக் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தாள்.
அடித்துவிட்டு மேலே 'கணவர்' என்றெழுதி
ஓரத்தில் தன் சுருக்கொப்பம் போட்டாள்.
திருத்தம் செல்ல அது வேண்டுமாம்.

நெப்ராஸ்காவின் மார்ச் காற்று.
அங்கேயே வண்டியின் பின்னால் மண்டியிட்டேன்.
பழைய திருகாணி அசையவில்லை.
கொரீன் முறுக்கியது.
ஹெலிகாப்டர் முறுக்கிய கை,
அவள் பூட்டினால் இன்னொருவர் திறக்க முடியாது.
ரம்பம் வாங்கிவந்து அறுத்தேன்.

ஓகலாலா தாண்டி டீசல் போடுமிடத்தில்
முன்பின் தெரியாத ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.
எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு
"எந்தப் பிரிவு நீங்கள்?" என்றார்.
"சமையலறை" என்றேன்.
இரண்டு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டியது,
காய்ச்சல் இரவுகள்,
வீடியோ அழைப்பு உறைந்துபோனால்
வாய் பாதி திறந்த அவள் முகத்தோடு
அது அசையும்வரை பேசிக்கொண்டிருந்தது.
அவரோ படைச் சமையற்காரன் என்று எடுத்துக்கொண்டு
"உங்களால்தான் நாங்கள் நிமிர்ந்து நின்றோம்"
என்று தோளைத் தட்டினார்.
நான் திருத்தவில்லை.

சின்னவன் மட்டும் கேட்டான்:
"அம்மா பேர் இதுல எங்க?"

வருடம் ஒருமுறை
ஒரு வரிக்குக் கீழே கையெழுத்து:
'மறுமணம் செய்துகொள்ளவில்லை என உறுதி கூறுகிறேன்.'
நான்கு வருடம் படிக்காமலே போட்டேன்.
இந்த வருடம் படித்தேன்,
ஸ்டியரிங் மேல் படிவத்தை வைத்துக்கொண்டு.

பக்கத்து இருக்கையில் ஆர்டித்.
மடியில் அட்டைப்பெட்டி, உள்ளே
அப்போதுதான் வாங்கிய ஆறு கோழிக்குஞ்சுகள்.
எதற்காக நிறுத்தினேன் என்று அவள் கேட்கவில்லை.
பெட்டியின் காற்றுத் துளைகளை
எண்ணுகிறவள் போலக் குனிந்திருந்தாள்.

உண்மைதானே, செய்துகொள்ளவில்லை.
போட்டேன்.

மார்வெல்லா முத்திரை குத்தினாள்.
"எப்போதாவது திருப்பித் தர நேர்ந்தால்
தபாலில் அனுப்பினால் போதும்.
அபராதம் எதுவும் கிடையாது" என்றாள்,
நான் கேட்காமலே.

வீட்டு வாசலில் புது வருடச் சீட்டை
தகட்டின் மூலையில் ஒட்டினேன்.
திருகாணியைத் தொட்டுப் பார்த்தேன்.
இது நான் முறுக்கியது.
யார் வேண்டுமானாலும் கழற்றலாம்.

"விளக்கைப் போடேன்" என்றாள் ஆர்டித்,
"குளிரில் கத்துகின்றன பார்."