பத்து மணிக் கையெழுத்து

வின்னிபெக் நகரின் வடக்கே
பல் மருத்துவமனையாக இருந்த கட்டடம்.
விடுதலைக்கும் வீட்டுக்கும் நடுவில்
இப்போது ஒரு விடுதி.
பதினோரு அறை, ஒரே அடுப்பு,
கையெழுத்து நோட்டு ஒன்று.
இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை
நோட்டுக்குக் காவல் நான்.

ஆர்வில் டெஜார்லே ஜனவரியில் வந்தார்.
இருபத்திரண்டு வருடம் உள்ளே இருந்தவர்.
காகிதப் பைக்குள் ஒரு ரேடியோ,
கேசட் போடுகிற வகை.
அறையைக் காட்டினேன்.
"விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள், ஆபீசர்?"
சுவிட்சைக் காட்டினேன்.
அன்றிரவு கதவிடுக்கில் வெளிச்சம்
வந்தது போனது, வந்தது போனது,
மூன்று மணி வரைக்கும்.
நோட்டில் அதற்குப் பத்தி இல்லை.

(ஆபீசர் என்றுதான் அழைப்பார்.
ஒடார்கா என்று சட்டையில் தைத்திருக்கிறது.)

செவ்வாய்க்கிழமை பஸ் கார்டு பழகினார்.
வியாழக்கிழமை, தனியாகக் கடைக்கு.
பற்பசை வாங்கப் போனவர்
வெறுங்கையோடு திரும்பினார்.
"நாற்பத்தொரு வகை. எண்ணிவிட்டு வந்தேன்."
முடிவெடுக்கும் திறன் குறைவு
என்று படிவத்தில் எழுதினாள் பகல்நேர மார்லீன்.
என் வீட்டில் எந்தப் பற்பசை?
யோசித்துப் பார்த்தேன்.
என் கணவர் வாங்குவது.

அவர் செய்தது கோப்பில் இருக்கிறது.
படித்திருக்கிறேன்.
செத்தவனுக்குப் பத்தொன்பது வயது, பெயர் கோரி,
ஐஸ் ஹாக்கி விளையாடுவான்.
அந்தப் பக்கத்தைப் புரட்டிய கையால்தான்
இவருக்குக் காபி ஊற்றுகிறேன்.
இரண்டு கை எனக்கு இல்லை.

பிப்ரவரி, மைனஸ் முப்பத்துநான்கு.
டயர் கடையில் எட்டரைக்கு வேலை முடியும்,
ஒன்பதரைக்கு பஸ் வந்துவிடும்.
மணி பத்து.
எல்லா வரியிலும் பெயர்,
ஒரு வரி மட்டும் காலி.
பத்தே கால் ஆனால் நான் போன் செய்ய வேண்டும்.
போன் செய்தால் வாரண்ட்.
வாரண்ட் வந்தால்
அந்த ரேடியோ மறுபடி காகிதப் பைக்குள்.

பத்து பதின்மூன்று.
சும்மா உட்கார முடியாமல்
படியில் உப்புத் தூவலாம் என்று கதவைத் திறந்தேன்.

நின்றுகொண்டிருந்தார்.
புருவத்தில் உறைபனி,
தோளில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பனி.
வாசலை விட்டு ஓரடி தள்ளி, ஓரமாக,
கைகள் தெரியும்படி.
"எவ்வளவு நேரமாக?"
"ஒன்பது நாற்பதிலிருந்து."
"சாவி?"
கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.
வேறு யாருடைய சாவியோ போல.
"திறப்பீர்கள் என்று..."
மீதியை உதடு சொல்லவில்லை, விறைத்திருந்தது.

எத்தனை கதவு, எத்தனை வருடம்.
எங்கோ ஒரு அறையில் எவனோ பொத்தானை அழுத்தணும்,
அதுவரை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கணும்.
நின்றிருக்கிறார்.
இங்கே கோடு போட நாங்கள் மறந்துவிட்டோம்,
அவரே போட்டுக்கொண்டார்.

பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை.
வாசலைத் தாண்டிய நேரத்தை எழுத வேண்டும் என்பது விதி.
ஒன்பது நாற்பது என்று எழுதினேன்.
தலைகீழாக அதைப் படித்துவிட்டு
"அது சரியில்லை, ஆபீசர்" என்றார்.
வெந்நீர்ப் பையை எடுத்து வரப் போனேன்.

மறுநாள் இரவு.
ஒன்பது நாற்பதுக்கு உப்பு நொறுங்கும் சத்தம்.
காலடி வந்தது, நின்றது.
என் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து
உட்கார்ந்துகொண்டேன்.
ஹீட்டர் ஒருமுறை ஓடி அடங்கியது.
மாடியில் யாரோ தும்மினார்கள்.
அப்புறம் இரும்பில் இரும்பு கீறியது,
துளை தவறி, இன்னொரு தரம் தவறி.

முதலில் குளிர்தான் உள்ளே வந்தது.
பின்னால் அவர்.
கதவை அகலத் திறந்து போட்டபடி
அங்கேயே நிற்கிறார்,
சாவியைப் பார்த்துக்கொண்டு.

"சாத்துங்க அதை!" என்று கத்தினேன்.
"கேஸ் பில் யார் கட்டுவது?"