முப்பது மில்லிமீட்டர்

பதினோராம் நாளும் தண்ணீர் வரவில்லை
கொப்பரைக் களத்து வீதிக்கு.
மேல்நிலைத் தொட்டி நிறைந்து நிற்கிறது,
பக்கத்து வீதியில் குடம் வழிகிறது,
நடுவில் எங்கோ ஒரு வால்வு
தகடு கழன்று அடைத்துக் கிடக்கிறது
எங்கள் தாருக்கு அடியில்.

எங்கள் தார் என்றால் நகராட்சித் தார்.
காங்கயம், பொறியியல் பிரிவு,
மாடியில் மூன்றாவது மேசை, நான்.

வரைபடத்தை விரித்தேன்.
மடிப்பு மடிப்பாய் ஊர் கிழிந்திருந்தது.
'வால்வு: புளியமரத்திலிருந்து
பன்னிரண்டு அடி கிழக்கே.'
மரம் நின்ற இடத்தில் செல்போன் கடை.
"மரமுங்களா?" என்று
ஏற இறங்கப் பார்த்தான் கடைக்காரப் பையன்.

பிட்டர் சென்னியப்பன் கம்பியை ஊன்றி
மேல்முனையில் காதை வைத்தான்.
களத்தில் தேங்காய் உடைக்கிறவர்களைக்
கொஞ்சம் நிறுத்தச் சொன்னோம்.
லாரி ஒன்று போனது, காத்திருந்தான்.
ஒரு நாய். அதற்கும் காத்திருந்தான்.
நாலடி தள்ளி மறுபடி ஊன்றி,
கண்ணை மூடி,
"இங்கெதானுங் மேடம்.
சன்னமாக் கசியுது, கேக்குதுங்."

எனக்குக் கேட்கவில்லை.
வெட்டச் சொன்னேன்.

பெயர்ந்து வந்த கட்டியை
ஓரமாக நிமிர்த்தி வைத்தான்.
அடியில் கையால் உடைத்த கருங்கல்,
கோணல்மாணலாய்.
அதன்மேல் ஒன்று, யார் காலமோ, இரும்பு.
அடுத்ததில் ஒரு சோடா மூடி
அப்படியே பதிந்திருந்தது.
தேர் நோம்பிக்கு முந்தின வாரம் போட்டது
விரலால் பிட்டாலே உதிர்ந்தது.
எல்லாவற்றுக்கும் மேலே, என்னுடையது.

சென்னியப்பன் ஒன்றும் சொல்லவில்லை.
நான்தான் டேப்பை எடுத்தேன்.
இருபத்திரண்டு.
அந்தப் பக்கம் பத்தொன்பது.

அளவுப் புத்தகத்தில் முப்பது.
'நேரில் அளந்து சரிபார்க்கப்பட்டது.'
கீழே என் கையெழுத்து,
மார்ச் முப்பத்தொன்று, ராத்திரி ஒன்பது மணி.
நிதி திரும்பிப் போய்விடும் என்று
ஆணையர் அறையிலிருந்து மூன்று போன்.
காண்ட்ராக்டர் மகளின் சீருக்குப்
பத்திரிகை வைக்க வந்திருந்தார்,
தட்டில் இரண்டு ஆப்பிள்.
காசு வாங்கியதில்லை நான்,
அதையும் எழுதி வைக்கிறேன்.
ஆனால் அன்றைக்கு டேப்
பையை விட்டு வெளியே வரவில்லை.

அந்த பில்லில் கடைசி வரி:
'வால்வு மூடி உயர்த்துதல், எண்ணிக்கை ஒன்று.'
எனக்கு முன்பிருந்தவர் பில்லிலும் உண்டு அது.
அவருக்கு முன்பிருந்தவர் பில்லிலும்.
மூன்று பேர் உயர்த்திய மூடி
அரைச் சாண் ஆழத்தில் கிடந்தது.

மதியம் மூன்று மணிக்குக்
குழாயில் முதலில் காற்று வந்தது,
அப்புறம் துரு,
அப்புறம்தான் ஆற்றுத் தண்ணீர்.
கை முழுக்கத் தேங்காய்ச் சிராய்ப்போடு
ரங்காத்தாள் குடத்தை நகர்த்தினாள்.
"ஒண்ணே ஒண்ணுங் மேடம்.
மூடி கண்ணுக்குத் தெரியற மாதிரி
வெச்சுட்டுப் போங்."

வைத்தோம். கான்கிரீட் சட்டம் கட்டி,
மேலே ஏறி இரண்டு காலால் நின்று பார்த்தேன்.
பைக்கில் போனவன் திட்டிவிட்டுப் போனான்,
ஒரு விரற்கடை துருத்திக்கொண்டிருக்கிறதாம்.

கட்டி இப்போது என் மேசைக்கடியில்.
அடுத்த பில்லோடு வந்தவர்
கால் இடறி, "இதென்னங் மேடம்?" என்றார்.
"ரோட்டுக்குப் போலாம் வாங்க" என்று
செருப்பை மாட்டினேன்.
வெயிலுங், பொழுதோட போலாமுங் என்றார்.
வெயிலில்தான் போனோம்.

பழைய அளவுப் புத்தகம் தணிக்கையில் இருக்கிறது.
அதில் அழிக்கக் கூடாது,
அடித்து, மேலே எழுதி,
தேதியோடு சுருக்கொப்பமிட வேண்டும்.
பக்கம் நாற்பத்தொன்று.
திருப்பி அனுப்பச் சொல்லி
இன்று கடிதம் எழுதியிருக்கிறேன்.
காரணம் என்ற இடத்தை
இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.
மூன்றாம் முறை எழுதியது:
எட்டு மில்லிமீட்டர்.